எழுபது இருக்கை வாரம் மூன்று நாளா, பத்தொன்பது இருக்கை தினம் இரண்டு வேளையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு சிறு விமான நிலையத்திலிருந்து இன்னொரு சிறு விமான நிலையத்துக்கு நேரடி விமானம் விடச் சொல்லும் கடிதங்கள் வாசகர் பகுதியில் அவ்வப்போது வருகின்றன. கோரிக்கை நியாயமானதுதான், கேட்கிற விதத்தில்தான் கோளாறு. பெரிய விமானம், புதிய முனையக் கட்டடம், நீளமான ஓடுபாதை என்று பட்டியல் போடுகிறோம். காலையில் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும், மேகம் தாழ்ந்து நிற்கும் நாளில் எப்படி இறங்குவது என்பது பற்றி ஒரு வரி இருப்பதில்லை. குறுந்தொலைவுத் தடம் ஒன்று நிலைப்பதும் நின்றுபோவதும் பெரும்பாலும் இந்த இரண்டில்தான்.

முதலில் இருக்கைக் கணக்கு. 72 இருக்கை ஏடிஆர் விமானம் வாரம் மூன்று நாள் வந்தால் ஒரு திசையில் 216 இருக்கை. 19 இருக்கை விமானம் தினம் இரண்டு முறை, வாரம் ஆறு நாள் பறந்தால் 228. எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முதல் ஏற்பாட்டில் திங்களன்று போனவர் புதன் வரை திரும்ப முடியாது. இரண்டாவதில் காலையில் போய் வேலையை முடித்து மாலையில் வீடு திரும்பலாம். இந்தத் தடங்களில் ஏறுகிறவர்கள் யார் என்று பாருங்கள்: சிறப்பு மருத்துவரைப் பார்க்கப் போகிறவர், வழக்கறிஞர், தணிக்கையாளர், இயந்திரம் பழுதுபார்க்கும் பொறியாளர், பல்கலைக்கழகத்தில் ஒரு நாள் வகுப்பெடுக்கப் போகிறவர். இவர்களுக்கு வேண்டியது அன்றே திரும்பும் வசதி. அது இல்லாவிட்டால் கார் எடுத்துக்கொள்வார்கள். விமானம் காலி இருக்கையோடு பறக்கும். ‘பயணிகள் ஆதரவு இல்லை’ என்று ஆறு மாதத்தில் அறிவிப்பு வரும்.

அமெரிக்காவில் 1978இல் விமானச் சந்தையைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தபோது சிற்றூர்கள் கைவிடப்படக் கூடாது என்று ‘அத்தியாவசிய விமான சேவை’ திட்டத்தையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். அதன் அடிப்படை அளவுகோல், தினம் இரண்டு போய்வரும் பயணம், வாரம் ஆறு நாள். விமானம் எத்தனை பெரியது என்பதில் தொடங்காமல் எத்தனை முறை என்பதில் தொடங்கியிருக்கிறார்கள். அது பெரும்பாலும் சிற்றூரைப் பெரிய நிலையத்தோடு இணைக்கும் திட்டம் என்பது உண்மை. ஆயினும் அளவுகோல் நமக்கும் பொருந்தும். சொல்லப்போனால் இரு சிறு நிலையங்களுக்கு நடுவே இன்னும் கூடுதலாகப் பொருந்தும். காரணம், பெரிய நிலையத்துக்குப் போகும் விமானத்தில் பாதிப் பேர் அங்கிருந்து வேறு ஊர் மாறிப் போகிறவர்களாக இருக்கலாம். சிறு நிலையத்திலிருந்து சிறு நிலையத்துக்குப் பறக்கும் விமானத்துக்கு அந்தத் துணை கிடையாது. இந்த இரண்டு ஊருக்கும் நடுவே போகிறவர்கள் மட்டும்தான் வாடிக்கை.

19 என்ற எண்ணுக்கும் காரணம் உண்டு. ஐரோப்பிய விதிப்படி 19 பயணி இருக்கைக்கு மேல் போனால் விமானப் பணியாளர் ஒருவர் வேண்டும். அதற்கு மேல் 50 இருக்கைக்கு ஒருவர். ஆகவே 48 இருக்கை ஏடிஆர் 42க்கு ஒருவர் போதும், 72 இருக்கைக்கு இருவர். விமானிகள் மூன்றிலும் இரண்டு பேர்தான். இதனால்தான் சிறிய விமானத்தில் ஓர் இருக்கைக்கு ஆகும் செலவு கூடுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இன்று புதிதாக வாங்கக் கிடைக்கும் 19 இருக்கை விமானங்களான ட்வின் ஆட்டர், டோர்னியர் 228, எல்-410, செஸ்னா ஸ்கைகூரியர் ஆகிய எதிலும் பயணிகள் அறைக்குள் காற்றழுத்த ஏற்பாடு இல்லை. ஏறத்தாழ 10,000 அடிக்குக் கீழேயே பறந்தாக வேண்டும். நடுவில் உயர்ந்த மலைத்தொடர் இருந்தால் இவற்றுக்கு வழியில்லை. அங்கே ஏடிஆர் 42தான் கேட்க வேண்டும். கடல், ஆற்றுக் கழிமுகம், சமவெளி என்றால் தடையில்லை.

எந்தத் தொலைவுக்கு விமானம் கேட்பது? மணிக்குச் சராசரி 60 கி.மீ. ஓடும் சாலையில் 250 கி.மீ. போக நாலே கால் மணி நேரம். விமானத்தில் போனால், வீட்டிலிருந்து நிலையம் அரை மணி, நிலையத்துக்குள் ஒரு மணி, சக்கரக் கட்டை எடுத்ததிலிருந்து மறுபடி கட்டை வைக்கும் வரை 45 நிமிடம், பெட்டி எடுத்து வெளியேற 15 நிமிடம், அங்கிருந்து ஊருக்குள் அரை மணி. ஆக மொத்தம் மூன்று மணி. ஒன்றே கால் மணி நேரம்தான் மிச்சம். அதே 400 கி.மீ. என்றால் சாலையில் ஆறே முக்கால் மணி, விமானத்தில் மூன்றரைக்குள். நல்ல சாலையோ வேக ரயிலோ இருக்கும் இடத்தில் 200 கி.மீ.க்குக் கீழே விமானம் கேட்பது வீண் என்பது என் கருத்து. இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய சில உள்நாட்டுத் தடங்களில் விமானத்தையே பிரான்ஸ் 2023இல் தடைசெய்துவிட்டது. நடுவில் கடலோ மலையோ இருந்தால் இந்தக் கணக்கு அப்படியே மாறிவிடும். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரு தீவுகளுக்கு நடுவே 1967 முதல் விமானம் பறக்கிறது. தொலைவு 2.7 கி.மீ.தான்; கால அட்டவணையில் இரண்டு நிமிடம்! வேடிக்கையாகப் பேசப்படும் அந்தத் தடம் இத்தனை ஆண்டு நீடித்ததற்குக் காரணம், அது தீவுகளைச் சுற்றிவரும் ஒரு பெரிய சுற்றின் ஒரு துண்டு. சிறிய ஐலாண்டர் விமானம். உள்ளூர் மன்றத்தின் மானியம். ஆசிரியரும் மருத்துவப் பணியாளரும் நம்பி ஏறக்கூடிய அட்டவணை.

மேலே நிலையத்துக்குள் ஒரு மணி நேரம் என்று போட்டேன். சிறு நிலையத்தின் பலமே அதுதான். பெரிய நிலையத்தின் வழக்கத்தை அப்படியே கொண்டுவந்து இரண்டு மணி நேரம் முன்னதாக வரச் சொன்னால் 250 கி.மீ. தடத்தில் மிச்சமாகும் நேரம் ஏறக்குறைய முழுவதும் வரிசையில் கரைந்துவிடும். சோதனைக் கருவி ஒன்றே இருந்தாலும், பத்தொன்பது பேரை அரை மணிக்குள் அனுப்பிவிடலாம்.

விமான நிறுவனத்தின் பக்கம் நின்று பார்த்தால் குறுந்தொலைவு ஏன் கசக்கிறது என்பதும் புரியும். 40 நிமிடப் பயணம், 25 நிமிடம் தரையில் என்று வைத்துக்கொண்டால் 12 மணி நேரத்தில் 11 முறை பறக்கலாம். காற்றில் இருக்கும் நேரம் ஏழு மணி இருபது நிமிடம்தான். 90 நிமிடப் பயணம் என்றால் அதே 12 மணியில் ஆறு முறை, ஒன்பது மணி நேரம். வருமானம் காற்றில் இருக்கும்போதுதான். தேய்மானமோ ஏறி இறங்கும் எண்ணிக்கையைப் பொறுத்தது: டயர், பிரேக், இறங்கு சக்கரத் தொகுதி, எஞ்சினின் சில சுழல் பாகங்கள் எல்லாவற்றுக்கும் ஆயுள் ‘சைக்கிள்’ கணக்கில்தான். இறங்குகட்டணம் விமானத்தின் எடைக்கு, 100 கி.மீ. பறந்து வந்தாலும் 1,000 கி.மீ. பறந்து வந்தாலும் அதே தொகை. விமானிகளின் பணிநேரமும் அப்படியே. ஐரோப்பிய விதியில் காலையில் பணி தொடங்கும் விமானிக்கு இரண்டு பயணம் வரை 13 மணி நேரம் அனுமதி. மூன்றாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் அரை மணி குறையும். ஆறு பயணம் என்றால் 11 மணி நேரம். பத்து என்றால் ஒன்பது. ஆகவே குறுந்தடத்துக்கு விமானியும் அதிகம் வேண்டும்.

எரிபொருளில் ஒரு வேடிக்கை உண்டு. கணக்குக்காக 220 கி.மீ. தடத்தில் ஒரு ஏடிஆர் 72ஐ எடுத்துக்கொள்வோம். பயணத்துக்குச் சுமார் 420 கிலோ. இறங்க முடியாமல் போனால் மாற்று விமான நிலையத்துக்குப் போக, அது 250 கி.மீ. தள்ளி இருந்தால், 450 கிலோ. அதற்கு மேல் அரை மணி நேரம் வானில் சுற்றப் பன்னாட்டு விதி கேட்கும் இறுதி இருப்பு 300 கிலோ. சில்லறைக்கு ஒரு 40 கிலோ. ஏற்றுவதில் மூன்றில் ஒரு பங்குதான் போகும் வழியில் எரியும். மிச்சமெல்லாம் ‘ஒருவேளை’க்காகச் சுமப்பது.

இப்போது இறங்கும் ஊரில் எரிபொருள் நிரப்பும் வசதி இல்லை என்று வையுங்கள். சிறு நிலையங்களில் இது சாதாரணம். திரும்பிவரும் 420 கிலோவையும் சேர்த்தே சுமந்து போக வேண்டும். ஏடிஆர் 72-600 புறப்படும்போது அதிகபட்சம் 23,000 கிலோ, இறங்கும்போது 22,350, எரிபொருள் நீங்கலாக 21,000. அதாவது ஆளும் பெட்டியும் சரக்கும் முழுதாக நிரம்பிய விமானம் இறங்கும்போது தொட்டியில் 1,350 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. நம் கணக்கில் 420, 450, 300, 40 சேர்த்து 1,210, இடிக்காது. மாற்று நிலையம் 400 கி.மீ. தள்ளிப் போனால் அதற்கே 700 கிலோ வேண்டும், மொத்தம் 1,460. ஆக 110 கிலோவை இறக்கியாக வேண்டும்: ஒரு பயணியும் அவர் பெட்டியும், அல்லது பல பேரின் பெட்டிகள். ‘என் பெட்டி ஏன் அடுத்த விமானத்தில் வந்தது?’ என்ற கேள்விக்குப் பல நாளில் விடை இதுதான். ஊழியர் மீது கோபப்பட்டுப் பயனில்லை. ஓடுபாதை நீளம் குறைவாக இருந்து, வெயிலும் ஏறிவிட்டால் பிரச்சினை புறப்பாட்டிலேயே வரும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. இறக்கைக்கும் சுழலிக்கும் எஞ்சினுக்கும் பிடிப்பு குறைகிறது. உச்சிவெயிலில் ஐந்து பேரை இறக்கிவிட்டுப் போகும் அதே விமானம் காலை ஏழு மணிக்கு முழு ஆளோடு எழும்பும். காலைப் புறப்பாடு கேட்க இது இன்னொரு காரணம்.

காலைப் புறப்பாடு வேண்டுமென்றால் விமானம் முந்தின இரவு இங்கேயே தங்க வேண்டும். இது யாரும் கேட்காத, மிக முக்கியமான கோரிக்கை. இரவு நிறுத்தம் இல்லாவிட்டால் விமானம் பெரிய ஊரிலிருந்து காலையில் கிளம்பி வந்து, ஒன்பதரைக்கோ பத்துக்கோதான் நம் தடத்தில் பறக்கும். அங்கே போய்ச் சேர்பவருக்குப் பாதி நாள் போய்விடும். அதோடு, இப்படி வரும் விமானத்துக்கு நம் தடம் ஒரு வால்தான். பெரிய ஊரிலிருந்து கிளம்பும்போதே ஒரு மணி நேரம் தாமதமானால், அட்டவணையைச் சரிக்கட்ட முதலில் வெட்டப்படுவது இந்த வால். சிறு நிலையம் மாலை ஆறு மணிக்கு மூடிவிடும் என்றாலோ, ஓடுபாதையில் விளக்கு இல்லை என்றாலோ காலைத் தாமதம் மாலையில் ரத்தாகவே முடியும். இரவு நிறுத்தத்துக்கு ஓடுபாதை விளக்கும், நிறுத்துமிடத்தில் காவலும், சான்று பெற்ற பொறியாளர் ஒருவரும், பணியாளர் தங்க இடமும், ஒரு மாற்றுச் சக்கரமும் வேண்டும். பெரிய கருவிகள் தேவையில்லை. ஏடிஆரின் பின் கதவே படியாக இறங்கும். வலப்பக்க எஞ்சினைச் சுழலி ஓடாமல் பிரேக் போட்டு நிறுத்தி ஓட்டி மின்சாரமும் குளிர்காற்றும் எடுத்துக்கொள்ளலாம். வால் பக்கம் எடை கூடிச் சாயாமலிருக்க ஒரு முட்டுத் தாங்கி மட்டும் மறக்காமல் வைக்க வேண்டும். பயணிகள் எல்லோரும் பின்வழியே ஏறுவதால் வரும் தேவை இது.

அடுத்து வானிலை. நான் மிகவும் வற்புறுத்த நினைப்பது இதைத்தான். கண்ணால் பார்த்து மட்டுமே இறங்கக்கூடிய நிலையத்துக்கு 5 கி.மீ. பார்வை வேண்டும். வழிகாட்டிக் கருவி ஏதோ ஒன்று இருந்தாலும், இறங்குசரிவைக் காட்டாத பழைய முறைகளில் 400, 500 அடிக்குக் கீழே ஓடுபாதை தெரியாமல் வர முடியாது. ஓடுபாதை அருகிலிருந்து வானொலி அலையால் திசையும் சரிவும் காட்டும் ஐஎல்எஸ் கருவி இருந்தால் 200 அடி வரை, 550 மீட்டர் பார்வை வரை வரலாம். மழைக்காலத்து மேகம் 350 அடியில் படிந்து நிற்கும் காலையில் இந்த வித்தியாசம்தான் விமானம் வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கும். சிறு நிலையத்துக்கு ஐஎல்எஸ் பொருத்துவது செலவு. தொடர்ந்து பராமரிக்கவும், அளவிடும் விமானத்தை வரவழைத்துச் சோதிக்கவும் வேண்டும். அதற்கு மாற்று இப்போது இருக்கிறது. செயற்கைக்கோள் திருத்தச் சமிக்ஞையை வைத்துச் சரிவோடு இறங்கும் எல்பிவி முறைக்கு ஓடுபாதை அருகே எந்த அலைபரப்பியும் தேவையில்லை. அமெரிக்காவில் 2003 முதலும், ஐரோப்பாவில் 2011 முதலும் இதற்கான சமிக்ஞை நடைமுறையில் உள்ளது. இதே வகைச் சமிக்ஞை தரும் இந்தியாவின் ககன் அமைப்பு 2015இல் சான்று பெற்றது. 2022 ஏப்ரலில் ஒரு ஏடிஆர் 72 அதைக் கொண்டு ராஜஸ்தானின் கிஷன்கர் என்ற சிறு நிலையத்தில் இறங்கிக் காட்டியது. இதற்கு வேண்டியவை துல்லியமாக அளந்த ஓடுபாதை முனைகள், தடைகளின் அளவீடு, வரைந்து ஒப்புதல் பெற்ற அணுகுமுறை வரைபடம், விமானத்தில் அதற்கேற்ற கருவி, பயிற்சி பெற்ற விமானி. அந்த அளவீட்டைக் கெடுப்பவை பெரும்பாலும் நாமே கட்டும் செல்பேசிக் கோபுரமும் வளரவிட்ட மரமும்தான். இறங்குபாதையில் ஒரு கோபுரம் எழும்பினால் வரக்கூடிய மிகத் தாழ்ந்த உயரம் அதற்கேற்ப மேலே போகும். கட்டட அனுமதி கொடுப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

தீயணைப்பு விஷயத்தில் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். பன்னாட்டு விதியில் ஒரு நிலையத்துக்கு வேண்டிய தீயணைப்பு ஏற்பாடு, விமானத்தின் நீளத்தையும் உடல் அகலத்தையும் வைத்து வகைகளாக வகுக்கப்பட்டது. ட்வின் ஆட்டர் 3ஆம் வகை, ஏடிஆர் 42 நான்காம் வகை, ஏடிஆர் 72 ஐந்தாம் வகை, ஏ320 ஜெட் ஆறாம் வகை. ஐந்து வரை குறைந்தபட்சம் ஒரு வண்டி, ஆறுக்கு இரண்டு. பரபரப்பான மூன்று மாதத்தில் அந்த அளவு விமானங்களின் ஏறல் இறங்கல் 700க்குக் குறைவாக இருந்தால் ஒரு வகை கீழே இருக்கவும் விதி இடம் கொடுக்கிறது. ஜெட் வந்தால்தான் கௌரவம் என்று கேட்பவர்கள், அந்த ஒரு விமானத்துக்காக வண்டியும் ஆளும் இரட்டிப்பாவதை யோசிக்க வேண்டும்.

மானியம் பற்றி. சிறு ஊர்களுக்கு மானியத்தோடு விமானம் விடும் இந்தியாவின் உடான் திட்டத்தைத் தணிக்கை செய்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023ஆம் ஆண்டு அறிக்கை, மூன்றாம் கட்டம் வரை ஒதுக்கப்பட்ட 774 தடங்களில் 403 தொடங்கவே இல்லை என்கிறது. தொடங்கிய 371இல் மூன்றாண்டுச் சலுகைக் காலத்தை முழுதாக ஓட்டியவை 112. அதற்குப் பிறகும் 2023 மார்ச் வரை நிலைத்தவை 54. மானியம் நின்றதும் தடம் நின்றுவிடுகிறது என்று இதைப் படித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் பாதிக்கு மேல் தொடங்கவே இல்லை என்பதல்லவா பெரிய செய்தி? தயாராகாத நிலையம், கிடைக்காத சிறு விமானம் இரண்டையும் மானியத்தால் ஈடுகட்ட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுச்சேவைக் கடமைத் தடங்களை, அதாவது சந்தை தானாக ஓட்டாவிட்டாலும் ஊருக்குத் தேவை என்று அரசு ஓட்டச் சொல்லும் தடங்களை, ஏலத்தில் விடும்போது எத்தனை முறை, எத்தனை இருக்கை, எந்தக் கட்டணம் என்பதை முன்பே அரசு நிர்ணயிக்கலாம். ஒருவருக்கே தரும் உரிமை பொதுவாக நான்காண்டுக்கு மேல் கிடையாது. காலி இருக்கைக்குப் பணம் கொடுப்பதைவிட, சொன்ன நேரத்துக்குப் பறந்த பயணத்துக்குப் பணம் கொடுக்கும்படி ஒப்பந்தம் எழுதுவது நல்லது. வானிலையால் ரத்து, விமானம் இல்லாததால் ரத்து, நிலையம் மூடியதால் ரத்து என்று பிரித்து எழுதினால்தான் யாருக்குக் கொடுக்கும் பணத்தை எங்கே வெட்டுவது என்று தெரியும்.

மின்சார விமானம் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன மாற்று நிலைய இருப்பும் அரை மணி இருப்பும் மின்கலத்திலிருந்தும் வர வேண்டும். விமான எரிபொருளில் ஒரு கிலோவுக்குச் சுமார் 12,000 வாட்-மணி ஆற்றல். இன்றைய மின்கலத் தொகுப்பில் 250ஐ ஒட்டி. மோட்டாரின் திறன் கூடுதல் என்பதைக் கழித்தாலும் இடைவெளி பெரிது. ஆகவே அடுத்த சில ஆண்டுகளுக்கான மனுவில் டர்போப்ராப் (ஏடிஆர் போல, டர்பைன் எஞ்சினால் சுழலி ஓடும் விமானம்) என்றே எழுதுங்கள்.

வாசகர்களும் வணிகர் சங்கங்களும் அடுத்த முறை மனு எழுதும்போது, இன்ன நிறுவன விமானம் வேண்டும் என்பதை விட்டுவிட்டு, காலை ஏழு மணிக்குள் ஒரு புறப்பாடு, மாலை ஐந்தரைக்கு மேல் ஒரு திரும்பல், இரவு நிறுத்தம், ஓடுபாதை விளக்கு, இரு முனைகளுக்கும் எல்பிவி அணுகுமுறை என்று கேட்கும்படி வேண்டுகிறேன். கூடவே, ரத்தான ஒவ்வொரு பயணத்தின் காரணத்தையும் மாதந்தோறும் நிலைய அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலைத் தங்கள் நாளிதழும் வெளியிட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
பிராந்திய விமானச் சேவைத் துறையைச் சேர்ந்த ஒரு வாசகர்